திதிக்கு இரண்டு நாழிகை

இன்று ராத்திரி நிலா எத்தனை மணிக்கு வரும்?

செல்போனைப் பார்க்காமல், செய்தித்தாளைப் புரட்டாமல் பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். பேத்தி, "ராத்திரி ஆனதும் வரும் தாத்தா" என்றாள். என் மகன், "சாயங்காலம் ஆறு, ஏழு மணி இருக்கும்" என்றான். இருவரையும் நான் குறை சொல்ல முடியாது. 26 வயதில், டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தது நானல்ல, என் நண்பர். அந்தக் கதையையும், அதிலிருந்து நான் கற்ற கணக்கையும் நம் சங்க வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நாலாம் வகுப்புப் பெருக்கல்தான்.

1986-இல் நடந்த தவறு

கர்ஜத்துக்கும் லோணாவ்ளாவுக்கும் நடுவே போர் காட் என்னும் மலைப்பாதை இருப்பது மும்பை, புனே வாசகர்களுக்குத் தெரியும். 37 அடி போனால் ஓர் அடி ஏறும் பாதை அது. அங்கே எனக்கும் ஒரு மராட்டிய நண்பருக்கும் ஒரே பிரிவில் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரைத் 'தாதா' என்பேன். அவர் என்னை 'அண்ணா' என்பார். அவர் பாஷையில் தாதாவும் நம் பாஷையில் அண்ணாவும் ஒன்றேதான். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கி நாற்பது வருடம் ஓட்டிவிட்டோம்.

1986-ஆம் வருடம் சித்திரை மாதம். நேரலிலிருந்து மாத்தேரான் மலைக்கு நிலா வெளிச்சத்தில் நடந்தே ஏறலாம் என்று யோசனை சொன்னவன் நான். பௌர்ணமி வியாழக்கிழமை வந்தது. எங்களுக்கு ஓய்வு கிடைத்தது சனிக்கிழமை. "இரண்டு நாளில் நிலா என்ன தேய்ந்துவிடப் போகிறது? ஏறக்குறைய முழு வட்டமாகத்தானே இருக்கும்" என்றேன். அது உண்மைதான். இரண்டு நாளில் வட்டம் பெரிதாகக் குறையாது. நான் யோசிக்காத விஷயம் வேறு.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நிலா இருக்கிறதே என்று டார்ச் எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்தது. ஏழரைக்கு மரத்தடி இருண்டது. நிலாவைக் காணோம். எட்டு மணிக்கும் காணோம். தாதா நின்றுவிடலாம் என்றார். "இதோ வந்துவிடும், நடப்போம்" என்று சொன்னவனும் நான்தான். மழைத்தண்ணீர் அரித்துப்போன ஒரு பள்ளத்தில் அவர் கால் இறங்கியது. இடது முழங்கால் திருகிக்கொண்டது.

அங்கேயே உட்கார்ந்தோம். ஒன்பது மணி சுமாருக்குக் கிழக்கு மலைக்குப் பின்னாலிருந்து நிலா வந்தது. பெரிய வட்டமாக, அழகாகத்தான் வந்தது. அதன் வெளிச்சத்தில் தாதாவின் கையை என் தோள்மேல் போட்டுக்கொண்டு இறங்கி, நேரல் பிளாட்பாரத்தில் படுத்திருந்து, காலை முதல் லோக்கலில் வீடு சேர்ந்தோம்.

வீட்டில் வஹினி, அதாவது நம் அண்ணி, சத்தம் போடவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சங்கஷ்டி விரதத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்பது, ஒன்பதரை, பத்து மணி என்று சந்திரன் வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிறோமே, பார்த்ததில்லையா? பௌர்ணமி தாண்டினால் சந்திரன் நேரம் கழித்துத்தான் வரும் என்று இரண்டு படித்தவர்களுக்கும் தெரியாதா?"

எனக்குப் பதில் இல்லை. நம் வீடுகளில் சங்கடஹர சதுர்த்தி என்று என் அம்மாவும் அதே விரதம்தான் இருந்தார். நான்தான் கவனிக்கவில்லை.

கணக்கு இதுதான்

பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றுவதால் சூரியனும் சந்திரனும் கிழக்கே உதித்து மேற்கே மறைவதுபோல் தெரிகின்றன. ஒரு நாளைக்கு 1440 நிமிடம். ஒரு வட்டத்துக்கு 360 பாகை. வகுத்தால் ஒரு பாகை திரும்ப 4 நிமிடம்.

சந்திரன் சும்மா நிற்பதில்லை. அது பூமியை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றி வருகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை நகர்கிறது. சூரியனும் அதே திசையில் நாளொன்றுக்கு ஒரு பாகை நகர்வதாக நமக்குத் தெரிகிறது. கழித்தால் 12 பாகை. அதாவது ஒவ்வொரு நாளும் சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை கிழக்கே தள்ளிப் போகிறது. அந்த 12 பாகையையும் பூமி கூடுதலாகத் திரும்பினால்தான் நிலா நம் கண்ணுக்கு உதிக்கும்.

12 × 4 = 48 நிமிடம்.

இப்போது நம் பஞ்சாங்கத்துக்கு வாருங்கள். திதி என்றால் என்ன? சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி. மொத்தம் 30 திதி; 30 × 12 = 360. நாழிகை என்றால் 24 நிமிடம். எனவே 48 நிமிடம் என்பது சரியாக இரண்டு நாழிகை. ஒரு நாளைக்கு 60 நாழிகை. 30 திதிக்கு இரண்டிரண்டாக 60 நாழிகை. பஞ்சாங்கக் கணக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். "திதிக்கு இரண்டு நாழிகை" என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

நாள் கணக்கில் பார்த்தால் தாமதம் சராசரி 50 நிமிடம் வரும். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறக்குறைய 29½ நாள். அதற்குள் நிலா 28½ தடவைதான் உதிக்கிறது. 1440-ஐ 28½-ஆல் வகுத்தால் ஐம்பதரை. சில மாதம் பத்து நிமிடம் கூடும், சில மாதம் பத்து நிமிடம் குறையும். ஏனென்றால் சந்திரன் போகும் பாதை சாய்வானது. அதன் வேகமும் ஒரே சீராக இல்லை.

பௌர்ணமியன்று சூரியனும் சந்திரனும் எதிரெதிரே நிற்பதால், ஒன்று மறையும்போது மற்றது உதிக்கும். அங்கிருந்து எண்ண வேண்டும். சூரியன் மாலை 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டால்:

பௌர்ணமி: மாலை 6 மணி
தேய்பிறை பிரதமை: சுமார் 6.50
துவிதியை: 7.40
திரிதியை: 8.30
சதுர்த்தி: 9.20
அஷ்டமி: நள்ளிரவு தாண்டி
அமாவாசை: காலையில் சூரியனோடு

சதுர்த்திக்கு நேராக என்ன நேரம் வந்திருக்கிறது பாருங்கள். வஹினி சொன்ன ஒன்பதரை. இந்தப் பகுதிக் காலண்டர்களில் சங்கஷ்டிக்கு நேரே சந்திரோதயம் என்று போட்டிருப்பதும் இதைத்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. தினசரிக் காலண்டரில் போடும் திதி காலை வேளையில் இருப்பது. அது இத்தனை மணி வரை என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். மாலையில் அடுத்த திதி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளர்பிறையில் இந்தக் கணக்கே வேறு விதமாக உபயோகப்படும். அப்போது சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் இருக்கும். எவ்வளவு நேரம் இருக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கும் திதிக்கு இரண்டு நாழிகை. வளர்பிறை திரிதியை என்றால் 6 நாழிகை, எட்டரைக்குள் மறைந்துவிடும். அஷ்டமி என்றால் 16 நாழிகை; நள்ளிரவு வரை இருக்கும். ஏகாதசி என்றால் விடியற்காலை மூன்று மணி வரை.

இப்போது என் தவறு எங்கே என்று உங்களுக்கே புரியும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் போயிருந்தால், சூரியன் மறையும்போதே நிலா கிழக்கே நன்றாக ஏறி நின்றிருக்கும், இருட்டே இருந்திருக்காது. இரண்டு நாள் பின்னால் போனதால் இரண்டு மணி நேரம் கும்மிருட்டு. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நிலா. மலை ஏறுகிறவனுக்கோ ஒன்று விளக்கு, மற்றது பள்ளம்.

தேய்பிறை நவமியும் சிங்ககடும்

நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் தானாஜி மாலுசரேயின் கதை படிக்கிறார்கள். 1670-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி இரவு, கோந்தாணா கோட்டையின் செங்குத்துப் பாறையில் மாவளர் வீரர்கள் ஏறி, கோட்டையைப் பிடித்தார்கள். தானாஜி அந்தச் சண்டையில் உயிர் விட்டார். இன்று நாம் சிங்ககட் என்று சொல்வது அந்தக் கோட்டையைத்தான். அன்று என்ன திதி? மாக மாதத் தேய்பிறை நவமி. நம் கணக்கைப் போடுங்கள். 9 × 2 = 18 நாழிகை; ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். சூரியன் மறைந்து அவ்வளவு நேரம் கழித்து, அதாவது இரவு ஒரு மணிக்கு மேல்தான் நிலா. முன்னிரவு முழுதும் காவல்காரன் கண்ணுக்குப் பாறை இருட்டாகவே இருந்திருக்கும். 350 வருடத்துக்கு முந்தைய ஓர் இரவின் வெளிச்சத்தைக்கூட இந்தப் பெருக்கல் நமக்குக் காட்டுகிறது.

மும்பைக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம். கடல் ஏற்றமும் சந்திரன் இழுப்பதால் வருவது. அதனால் ஏற்றத்தின் நேரமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் பெரிய ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால், சாக்கடைத் தண்ணீர் கடலில் இறங்க வழியில்லாமல் லோக்கல் தண்டவாளத்தில் நிற்கும். அந்த நாட்களில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. வானிலை அறிக்கைக்குப் பக்கத்தில் ஏற்ற நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்வோம்.

பாக்கி இருந்த நடை

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தை மாதம். தாதா போன் செய்தார். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு டாக்டர் நாள் குறித்துவிட்டாராம். அதே இடது முழங்கால். "வயசானால் எல்லாருக்கும் வருவதுதான்" என்று டாக்டர் சொன்னாராம். "நான் டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லவில்லை, அண்ணா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரே தொடர்ந்தார். "சிகிச்சைக்கு முன்னால் மாத்தேரான் போக வேண்டும். 86-இல் பாக்கி வைத்த நடை. இந்தத் தடவை கணக்கு நீ போடு. ஆனால் வஹினியிடம் காட்டிவிட்டுப் போடு."

மாத்தேரான் மலையைப் பற்றி இரண்டு வரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். உச்சியில் சமதளமும் அடர்ந்த காடும். மராட்டியில் மாத்தா என்றால் தலை, ரான் என்றால் காடு. மலையின் தலையில் உள்ள காடு. 1850-இல் தானா மாவட்டக் கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் இந்த இடத்தை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். 1907-இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் இரண்டு அடி அகலப் பாதை போட்டுக் குட்டி ரயில் விட்டார்கள். 20-க்கு 1 ஏற்றம். போர் காட்டே தோற்றுப்போகும். பெட்ரோல், டீசல் வண்டிகள் ஊருக்குள் வரக் கூடாது. அதனால் ராத்திரியில் இருட்டு இருட்டாக இருக்கும். நிலா பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்?

மலையின் மேற்கு விளிம்பில் சூரியன் மறைவதைப் பார்க்கும் முனை இருக்கிறது. நிலா உதிப்பதைப் பார்க்கக் கிழக்கு விளிம்புக்கு வர வேண்டும். நடுவே காட்டுப் பாதை; முழங்கால் நன்றாக இருப்பவருக்கு அரை மணிக்கு மேல் ஆகும், தாதாவுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தேன். பௌர்ணமியன்று போனால் இரண்டையும் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்துவிடும். ஆகவே தைப்பூசத்துக்கு மறுநாள், தேய்பிறை பிரதமை என்று முடிவு செய்தேன். இரண்டு நாழிகைத் தாமதம் ஒரு காலத்தில் எங்களைக் கவிழ்த்தது. இந்தத் தடவை அந்தத் தாமதத்தையே நடக்கும் நேரமாக்கிக்கொண்டோம். வஹினி காலண்டரைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். பிறகு இரண்டு டார்ச்சை எடுத்துப் பையில் வைத்தார்.

நேரலிலிருந்து டாக்ஸி, அமன் லாட்ஜிலிருந்து குட்டி ரயில். பிற்பகலில் போய், பஜாரில் ஓர் அறை எடுத்து, மெதுவாக நடந்து மேற்கு முனைக்கு ஆறு மணிக்கெல்லாம் சேர்ந்தோம்.

சூரியன் மறைந்தது

எதிரே பிரபல்கட் மலை. சூரியன் நேர் மேற்கில் இல்லை. தெற்கே தள்ளி, பிரபல்கட் பக்கமாக இறங்கியது. தை மாதத்தில் அப்படித்தான். மும்பை இருக்கும் அட்சரேகையில், அந்த நாட்களில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 20 பாகை தெற்கே மறையும். அப்படியானால் அதற்கு எதிரே வரவேண்டிய நிலா நேர் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி வர வேண்டும். குளிர்காலத்து முழுநிலா, கோடைகாலத்துச் சூரியன் போன பாதையில் உயரமாகப் போவது இதனால்தான்.

சூரியன் சிவப்பாக, சற்றுத் தட்டையாக இருந்தது. அடிவானத்தில் வரும் ஒளி, தலைக்கு மேலே இருந்து வரும் ஒளியைவிட முப்பது மடங்குக்கு மேல் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒளியை வளைக்கவும் செய்கிறது. வளைவு அரை பாகைக்கும் சற்று அதிகம். சூரியனின் அகலமே அரை பாகைதான். எனவே சூரியன் அடிவானத்தைத் தொடுவதாக நாம் பார்க்கும்போது, அது உண்மையில் முழுதும் கீழே இறங்கிவிட்டது! தாதாவிடம் இதைச் சொன்னேன். "ரயில் போனபின் சிக்னல் தெரிகிற மாதிரி" என்றார்.

6.32-க்கு மறைந்தது. 6.35-க்குப் புறப்பட்டோம்.

நம் பகுதியில் அந்தி நீளமானதல்ல. சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் திறந்த வெளியிலேயே வெளிச்சம் போய்விடும். காட்டுக்குள் அதற்கும் முன்னால். 6.50-க்கு நான் டார்ச்சை எடுத்தேன். தாதா கையில் தடி. பாதை செம்மண், மழை அரித்த வேர்கள் குறுக்கே கிடந்தன. அவர் ஒவ்வொரு வேரிலும் முதலில் தடியை ஊன்றி, பிறகு வலது காலை வைத்து, அப்புறம் இடது காலை இழுத்தார். நான் முன்னால் போகாமல், அவர் காலடிக்கு மட்டும் வெளிச்சம் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன்.

பாதி வழியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. "மணி என்ன?"

"ஏழு."

"நிலா எத்தனை மணிக்கு?"

"7.10 என்று காலண்டர். ஆனால் கிழக்கே பீமாசங்கர் மலைத்தொடர் மறைக்கும். ஐந்து நிமிடம் போனஸ் கிடைக்கும்."

"சாவகாஷ் போகலாம்" என்றார். நிதானமாக என்று அர்த்தம்.

அந்த இடத்தில் எனக்கு 1986 ஞாபகம் வந்தது. அன்று அவர் நிற்கலாம் என்றபோது நான் நடக்கச் சொன்னேன். இன்று நான், "தாதா, வேண்டாமென்றால் இங்கேயே உட்கார்ந்துகொள்வோம். நிலா பஜாருக்கும் வரும், நாளைக்கும் வரும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தடியை ஊன்றி எழுந்தார். "நாளைக்கு ஐம்பது நிமிடம் லேட். இன்றைக்கே பார்த்துவிடலாம்."

நிலா வந்தது

7.12-க்குக் கிழக்கு விளிம்பை அடைந்தோம். கீழே பள்ளத்தாக்கில் விளக்குகள். எதிரே, வெகு தூரத்தில் சஹ்யாத்ரியின் கறுப்பு வரிசை. நேர் கிழக்கிலிருந்து இருபது பாகை வடக்கே கையை நீட்டிக் காட்டினேன். அது ஏறக்குறைய பீமாசங்கர் இருக்கும் திசை.

7.15-க்கு அந்த முகட்டில் நெருப்புப் பிடித்தாற்போல் ஒரு கோடு தெரிந்தது. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாக, முழு வட்டமும் மேலே வந்து நின்றது. ஆரஞ்சு நிறம். வலது மேல் ஓரத்தில் துளி தேய்ந்திருந்ததோ என்னவோ, எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

தாதா கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எவ்வளவு பெரிது!" என்றார்.

அதற்காகவே சட்டைப் பையில் ஒரு காகிதம் வைத்திருந்தேன். ஆபீஸ் பஞ்சில் ஒரு துளை போட்ட காகிதம். கையை முழுதும் நீட்டி, ஒரு கண்ணால் துளை வழியே நிலாவைப் பார்க்கச் சொன்னேன். நிலா துளைக்குள் அடங்கிவிட்டது. அவர் நம்பவில்லை, இரண்டு தடவை பார்த்தார். பத்து மணிக்கு லாட்ஜ் வாசலில், நிலா உயரத்தில் சின்னதாகத் தெரிந்தபோது மறுபடி பார்க்கச் சொன்னேன். அதே துளை, அதே அளவு. அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்யும் வேலை. சொல்லப்போனால், உதிக்கும்போது நிலா நமக்குக் கொஞ்சம் தூரத்தில்தான் இருக்கிறது. தலைக்கு மேலே வரும்போது ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவு, சுமார் 6,400 கிலோமீட்டர் வரை நெருங்கி வந்துவிடுகிறது. மொத்தத் தூரம் 3,84,000 கிலோமீட்டர் சுமார் என்பதால் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படாது.

திரும்பும்போது மரமில்லாத இடங்களில் டார்ச்சை அணைத்துவிட்டோம். செம்மண் பாதை சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நிறம் அறியும் நரம்புகளுக்கு நிலா வெளிச்சம் போதாது. அதனால் வடிவம் தெரியும், நிறம் தெரியாது. முழுநிலாவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் நாலு லட்சத்தில் ஒரு பங்குதான். இன்னொன்றும் கவனியுங்கள். அரைநிலா என்றால் பாதி வெளிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். முழுநிலாவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வரும். அதை நம்பி மலையில் கால் வைக்கக் கூடாது. மரத்தடியில் முழுநிலாவையும் நம்பக் கூடாது. டார்ச் கட்டாயம் வேண்டும். வஹினி வைத்த இரண்டும் அன்று வேலை செய்தன.

நீங்களும் செய்து பாருங்கள்

நம் பிள்ளைகள் அடுக்குமாடியில் வளர்கிறார்கள். மலைக்குப் போக வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடி போதும்.

முதலாவது, அடுத்த பௌர்ணமியன்று மாலை பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போய், மேற்கே சூரியனையும் கிழக்கே நிலாவையும் ஒரே சமயத்தில் காட்டுங்கள். நடுவே நிற்பது நாம், நம் பூமி என்று சொல்லுங்கள். இதைவிட நல்ல வானசாஸ்திரப் பாடம் இல்லை.

இரண்டாவது, தொடர்ந்து நான்கு நாள் நிலா எந்தக் கட்டிடத்துக்கு மேலே, எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வித்தியாசத்தைக் கூட்டி வகுத்தால் ஐம்பதுக்குப் பக்கத்தில் வரும். புத்தகத்தில் படித்ததைவிடத் தானே கண்டுபிடித்த ஐம்பது மறக்காது.

மூன்றாவது, பஞ்ச் துளைச் சோதனை. பெரியவர்களும் செய்யலாம்.

நான்காவது, விசேஷ நாட்களைக் கேளுங்கள். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாம் பௌர்ணமியை ஒட்டியே வருவது ஏன்? பூசம், மகம், உத்திரம், விசாகம் என்பவை அந்த மாதம் முழுநிலா நிற்கும் நட்சத்திரங்கள். இங்கே மராட்டியர் ஐப்பசி வாக்கில் கோஜாகிரி பௌர்ணமியன்று நிலா வெளிச்சத்தில் பால் அருந்துகிறார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர் விட்டு ஊர் வந்தாலும் தலைக்கு மேலே இருக்கும் காலண்டர் ஒன்றுதான்.

கடைசியாக, மாலையில் மலையேறப் போகும் இளைஞர்களுக்கு: வளர்பிறை ஏகாதசியிலிருந்து பௌர்ணமி வரை போங்கள். பௌர்ணமி தாண்டிவிட்டதென்றால் முதலில் பெருக்கிப் பாருங்கள். கூட வருகிறவர் "நிற்கலாம்" என்றால் நின்றுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் வேறெதையும் மறந்தாலும் இந்த வரியை மறக்க வேண்டாம்.

தாதாவுக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது புனேயில் மகன் வீட்டில் இருக்கிறார். தினமும் மாலை பார்க்கை ஒரு சுற்று நடக்கிறார். தேய்பிறை தொடங்கியதும் ஏதாவது ஒரு நாள் போன் வரும்.

"அண்ணா, இன்றைக்கு எத்தனை நிமிடம் லேட்?"

திதியைப் பார்த்து, பெருக்கிச் சொல்வேன். அவர் பால்கனியில் கடிகாரத்தோடு காத்திருந்து, ஐந்து நிமிடம் முன்பின் ஆனாலும் மறுபடி கூப்பிட்டுக் காரணம் கேட்பார். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் இருந்தவர் வேறெப்படி இருப்பார்!